பக்கத்து இருக்கைக்கு ஒரு மழைக்கோட்டு

நான் சாத்திரம் கேட்கப் போகாத ஆள். இதை முதலில் சொல்லாமல் விட்டால் பிறகு நான் சொல்வதை நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வீர்கள். ஊரில் போர் முடிந்த பிறகு ஆளைத் தொலைத்த வீடெல்லாம் சாத்திரக்காரரிடம் ஓடியது. மை போட்டுப் பார்த்தார்கள், சாதகக் குறிப்பைக் கொண்டுபோய்க் காட்டினார்கள், வாக்குச் சொல்கிற அம்மாவின் காலில் விழுந்து அழுதார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான். ஆள் உயிரோடு இருக்கிறார், தெற்குத் திசையில் இருக்கிறார், வியாழன் மாறினால் வருவார். அதற்குப் பிறகு வியாழன் எத்தனையோ தரம் மாறிவிட்டது. நான் போகவில்லை. இருந்தால் வருவார், இல்லாவிட்டால் இல்லை, இதில் சாத்திரிக்கு என்ன தெரியும் என்று இருந்தவள் நான். ஆவி வந்தது, கனவில் வந்து சொன்னார் என்கிற கதையோடு என் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவேன். நான் கொஞ்சம் வாய் கூடின ஆள் என்று ஊருக்கே தெரியும், என் கூட்டாளி ராணியக்காவைக் கேட்டுப் பாருங்கள்.

அவர் என்று நான் சொல்வது என் கணவரை. பெயர் கேட்காதீர்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவரை ‘இஞ்சாருங்கோ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், அவர் என்னை ‘இஞ்சாரும்’ என்பார், அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பெயர். கடைசி நேரத்தில் சனம் எல்லாம் ஒரே பக்கமாக இடிபட்டு நகர்ந்துகொண்டிருந்தபோது அவர் என்னிடம் சொன்னார், “நீர் பிள்ளையோட முன்னால போம். நான் கஞ்சி வாங்கிக்கொண்டு பின்னால வாறன்.” பிள்ளை முதல் நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நான் முன்னால் போனேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரை உயிரோடு கண்டவரும் இல்லை, உடலாகக் கண்டவரும் இல்லை. முகாமில் தேடினேன், ஆஸ்பத்திரியில் தேடினேன், படத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றேன். பிறகு இந்தியாவுக்குப் போய் அங்கிருந்து மொன்றியலுக்கு வந்து சேர்ந்தோம், அது பெரிய கதை, இப்போது வேண்டாம்.

இங்கே பார்க் எக்ஸ்டென்ஷனில் மேல்மாடி வீடு. வெளியே இரும்புப் படி, குளிர்காலத்தில் உப்புப் போடாவிட்டால் இடுப்பு உடையும். ஒரு கார்டெரியில் சமையலுக்கு நிற்கிறேன், பிள்ளைகள் பராமரிக்கிற இடம்தான், கரட் சீவிச் சீவியே என் காலம் போகிறது. மகன் செந்தூரன் படித்து, வேலை எடுத்து, கலியாணம் கட்டி லொங்குய்யில் வீடு வாங்கிப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். பேத்தி திரையில் வந்து பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு ஓடிவிடும். மிச்ச நாளெல்லாம் வீட்டில் என் குரலை நானே கேட்பதற்காகச் சில நேரம் தொலைக்காட்சியோடு சண்டை பிடிப்பேன், சிரிக்காதீர்கள், தனியே இருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

நெற்றியில் பொட்டு வைக்கிறேன், கழுத்தில் தாலி இருக்கிறது. அதுதான் சனத்துக்குப் பெரிய சிக்கல். ஒரு கலியாண வீட்டில் ஆரத்தி எடுக்க ஆள் காணாது என்று என்னைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள், மணவறைக்குக் கிட்டப் போனதும் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ குசுகுசுத்தாள், தட்டு மெல்ல என் கையிலிருந்து வேறு கைக்குப் போனது. கோபம் வரவில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். சுமங்கலி வரிசையிலும் எனக்கு இடமில்லை, மற்ற வரிசையிலும் இடமில்லை.

போன வருடம் ஆனி மாதம் செந்தூரன் நேரே வந்தான். வழக்கமாகப் போனில் கதைப்பவன் வந்து சப்பாத்தைக் கழற்றி உள்ளே இருந்தால் ஏதோ இருக்கிறது என்று விளங்கிவிடும். அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவோம் என்றான். ஐயரிடம் கேட்டிருக்கிறான். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரித்து, அந்தச் சாம்பலை லாசால் பக்கம் ஆற்றில் கரைக்கலாமாம். ஆடி அமாவாசைக்கு முன்னம் அதை முடித்தால் அன்றைக்குத் தகப்பன் இல்லாத மற்றப் பிள்ளைகள் போல அவனும் விரதம் பிடித்து எள்ளுந் தண்ணீரும் இறைக்கலாம்.

“நீங்கள் ஓமெண்டு சொன்னால்தான் ஐயர் செய்வாராம், அம்மா.”

“நான் என்னத்துக்கு ஓமெண்டு சொல்லவேணும்? அவர் செத்ததை நான் கண்டனானோ?”

“எனக்கு அப்பா இருக்கிறாரா இல்லையா எண்டு என்ர பிள்ளை கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

அவன் கேட்பது நியாயம்தான். ஆனால் நான் ஓம் என்று சொன்ன அந்த நிமிடத்தோடு அவர் செத்துவிடுவார், அதுவரைக்கும் சாகவில்லை, இது என் கணக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அமாவாசைக்கு முன்னம் சொல்லவேண்டும் என்று படியில் இறங்கும்போதும் சொல்லிவிட்டுத்தான் போனான்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்தத் திமிங்கிலம் பார்க்கிற பயணம் வந்தது. ரொறன்ரோவிலிருந்து புதிதாக வந்த சுகந்தன் என்கிற ஒரு பெடியன், பெடியன் என்றாலும் முப்பத்தைந்து இருக்கும், கோயில் சனத்தைச் சேர்த்து வான் வண்டி பிடித்து ஊர் ஊராகக் கூட்டிப்போவான். ராணியக்காதான் என்னையும் இழுத்துவிட்டா. வீட்டுக்குள் கிடந்து யோசித்தால் விசர் பிடிக்கும், வந்து கொஞ்சம் காற்றுப் படட்டும் என்றா. பெயர் கொடுக்கப் போனபோது சுகந்தன் என் பொட்டையும் கழுத்தையும் பார்த்தான், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

“நீங்களும் ஐயாவும்தானே அக்கா? ரெண்டு சீற் போட்டிட்டன், போட்டிலயும் ரெண்டு.”

இல்லைத் தம்பி, நான் மட்டும்தான் என்று சொல்லவேண்டியதுதானே. சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட யோசிக்காமல், குசுகுசுக்காமல், எனக்கு ஒரு மனிசன் இருக்கிறார் என்று சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை. அதைக் கேட்க நன்றாக இருந்தது. “ஓம் தம்பி” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விடியப்புறம் வெளிக்கிட்டோம். ஐயா எங்கே என்று சுகந்தன் கேட்க, வரவில்லை என்றேன், முகத்தைச் சுருக்கினான், பிறகு பரவாயில்லையக்கா என்றான். ராணியக்காவுக்கு விசயம் விளங்கிவிட்டது, என்னைப் பார்த்தா, ஆனால் வாய் திறக்கவில்லை, அதுவே அவவுக்குப் பெரிய காரியம். வானில் எல்லாம் சோடி சோடி. ராணியக்காவும் அவவின் மனிசன் பரமண்ணையும் எனக்கு முன் இருக்கையில். என் பக்கத்து இருக்கை சும்மா கிடந்தது, கைப்பையை அதில் வைத்தேன்.

ராணியக்கா ஆட்டிறைச்சி ரோல்ஸ் கட்டிக்கொண்டு வந்திருந்தா. பொதியைப் பிரித்தால் மேலே ஒரு கரித்துண்டு. இறைச்சி கொண்டு போகும்போது வழியில் ஏதும் தொற்றிவிடும் என்று ஊரில் கரி வைப்பார்கள் அல்லவா, இங்கே கரண்ட் அடுப்பில் கரிக்கு எங்கே போவது, பார்பிக்யூவுக்கு விற்கிற மூட்டையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறா. “கனடாப் பேய் பார்பிக்யூக் கரிக்குப் பயப்பிடுமோ அக்கா?” என்று நான் கேட்க வானே சிரித்தது. அவ மட்டும் சிரிக்கவில்லை. “நக்கல் அடியும், அடியும்” என்றா. இதை ஏன் சொல்கிறேன் என்றால் நான் அன்றைக்கு எந்த மனநிலையில் போனேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். பேயை நினைத்துக்கொண்டு போகவில்லை. பகிடி விட்டுக்கொண்டுதான் போனேன்.

கியூபெக் நகரம் தாண்ட மழை பிடித்தது. பெரிய மழை இல்லை, நசநசவென்று விடாத மழை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, ஆறென்றால் அக்கரை தெரியாத ஆறு. மொன்றியலில் பாலத்துக்குக் கீழே ஓடுகிற அதே ஆறுதான், இங்கே வர வர அகன்று, உப்பாகி, கடலாகிவிடுகிறது என்று சுகந்தன் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தான். எனக்கு உடனே லாசாலில் கரைக்கிற சாம்பல் நினைவுக்கு வந்தது. அங்கே கரைத்தால் இந்த வழியாகத்தான் போகும். யன்னலுக்கு மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், திருப்பினால் அந்தச் சும்மா கிடக்கிற இருக்கை. பிறகு கண்ணை மூடினேன்.

படகு பெரியது. கீழே கண்ணாடி போட்ட சூடான அறை, மேலே திறந்த தட்டு. ஏறுகிற இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை எல்லாருக்கும் முழங்காலுக்குக் கீழே வரைக்கும் வருகிற மஞ்சள் மழைக்கோட்டு கொடுத்தாள். எனக்கு இரண்டு தந்தாள். ஒன்று போதும் என்று எனக்குத் தெரிந்த கார்டெரிப் பிரெஞ்சில் சொன்னேன். அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள். “பூர் மிசியூ” என்றாள். ஐயாவுக்கு என்று அர்த்தம். பின்னால் பரமண்ணை நின்றிருக்கலாம், நான் திரும்பிப் பார்க்கவில்லை, வரிசை இடித்துக்கொண்டிருந்தது, கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன்.

எங்கள் சனம் நேரே கண்ணாடி அறைக்குள் போய்விட்டது. மழைக்குள் யார் நிற்பார்கள். நான் கொஞ்ச நேரம் உள்ளே இருந்தேன். பரமண்ணைக்குக் குளிர்கிறது என்று ராணியக்கா தன் சால்வையைக் கழற்றி அவர் கழுத்தில் சுற்றிவிட்டா, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே சுற்றக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சின்ன விசயம்தான். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

மேலே ஒருவரும் இல்லை. நீளமான பிளாஸ்டிக் வாங்கு ஒன்றில், பெஞ்சுதான், போய் இருந்தேன், மற்றக் கோட்டை மடித்துப் பக்கத்தில் வைத்தேன். புகார், அதுதான் பனிமூட்டம், மூடிவிட்டது. கடலும் இல்லை வானமும் இல்லை, எல்லாம் சாம்பல் நிறம். இந்த மழைக்கோட்டின் தொப்பி இருக்கிறதே, அது முகத்துக்கு இரண்டு பக்கமும் மறைத்துக்கொள்ளும், நேரே முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஏன் பார்க்கவில்லை என்று என்னைக் கேட்கக்கூடாது.

ஒலிபெருக்கியில் அந்தப் பெட்டை பேசினாள். புகார் என்றபடியால் திமிங்கிலத்தைக் காண்பது கஷ்டம், ஆனால் மூச்சுவிடுகிற சத்தத்தைக் கேட்கலாம், எஞ்சினை நிறுத்தப்போகிறோம், தயவுசெய்து எல்லாரும் சத்தம் போடாமல் இருங்கள் என்றாள். எஞ்சின் நின்றது. தொப்பியில் மழை விழுகிற சத்தம் மட்டும். பிறகு எங்கேயோ புகாருக்குள் ஒரு பெருமூச்சு வந்தது. நம்பினால் நம்புங்கள், அவ்வளவு பெரிய பிராணியின் மூச்சு, வேலை முடிந்து களைத்து வந்து இருக்கிற மனிசன் விடுகிற மூச்சு மாதிரித்தான் இருந்தது. கீழே சனம் எல்லாம் இடப் பக்கம் ஓடியது போல, படகு கொஞ்சம் சாய்ந்தது.

அப்போது என் வாங்கு தாழ்ந்தது. மற்ற நுனியில் ஒருவர் வந்து இருந்தால் எப்படித் தாழுமோ அப்படி. சுகந்தன் மேலே ஏறி வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கண்ணின் ஓரத்தில் தொப்பி விளிம்புக்குக் கீழே ஒரு மஞ்சள் முழங்கால் தெரிந்தது, கோட்டுக் கையின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈர மண் வாசம் வந்தது. கடலுக்கு நடுவில் மண் வாசம் எங்கிருந்து வரும். அது குண்டுக்குப் பயந்து ஒளிந்த பங்கருக்குள் மழைத் தண்ணீர் இறங்கினால் வருகிற வாசம், அதற்குள் இருந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

“இஞ்சாரும்.”

எனக்கு உடம்பு அசையவில்லை. பயம் என்று சொன்னால் பொய். திரும்பினால் போய்விடும் என்கிற எண்ணம்தான் கழுத்தைப் பிடித்து வைத்திருந்தது. நான் நேரே புகாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பிள்ளை சாப்பிட்டானோ?”

அவர் குரல்தான். கேட்கிற விதமும் அவருடையதுதான், கேட்டுவிட்டுப் பதிலுக்கு அவசரப்படாமல் இருப்பார். எனக்கு அந்த இடத்தில் ஒன்று விளங்கியது. அவர் இன்னும் அந்த நாளில்தான் நிற்கிறார். அவருக்கு நாங்கள் இன்னும் அந்தச் சனத்துக்குள்ளேதான் நடந்துகொண்டிருக்கிறோம். அவருக்கு மொன்றியல் தெரியாது, லொங்குய் தெரியாது, அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒரு பிள்ளை இருப்பது தெரியாது. கஞ்சிக்குப் போனவர் கையில் ஒன்றும் இல்லாமல் வந்து, அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கேட்கிறார்.

“ஓம். வயிறு நிறையச் சாப்பிட்டான்” என்றேன்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம். அந்தத் திமிங்கிலம் திரும்பவும் மூச்சு விட்டது, இந்த முறை தூரத்தில்.

“அப்ப நான் வெளிக்கிடட்டோ?”

இதைத்தான் நான் யாருக்கும் சொல்லவில்லை. செந்தூரன் கேட்டுக்கொண்டிருந்ததும் இதுதான், ஐயர் கேட்டதும் இதுதான், இப்போது ஆளே வந்து கேட்கிறார். ஓம், போங்கோ, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. பெரிய மனசுள்ள பெண்சாதி அப்படித்தான் சொல்லியிருப்பாள். எனக்கு வாயில் வந்தது அது இல்லை.

“இருங்கோ” என்றேன். “இருங்கோ, போகாதேங்கோ.”

“ம்” என்றார். சொன்னதைக் கேட்டுக்கொள்கிற மனிசன்.

பிறகு எஞ்சின் போட்டார்கள், வாங்கு அதிர்ந்தது, ராணியக்கா மூச்சு வாங்க வாங்கப் படியேறி வந்தா. வெள்ளைத் திமிங்கிலம் ஒன்று முதுகைக் காட்டிவிட்டுப் போனதாம், பரமண்ணை போனில் விரலைத்தான் படம் பிடித்தாராம். நான் அப்போதுதான் கழுத்தைத் திருப்பினேன். வாங்கில் அந்தக் கோட்டு இருந்தது. நான் மடித்து வைத்தது, இப்போது மடிப்பில்லை. தெப்பமாக நனைந்து, கழுத்து வரைக்கும் எல்லாப் பொத்தானும் பூட்டியபடி கிடந்தது.

“சுகந்தன் தம்பி எங்க போட்டான்?” என்று ராணியக்கா கேட்டா.

“ஏன், அவன் மேல வரேல்லையே.”

“கீழ இருந்து பாக்க உம்மோட ஆரோ இருந்தமாதிரி இருந்துது. ரெண்டு கோட்டுத் தெரிஞ்சுது.”

சுகந்தன் முழு நேரமும் கீழே ஒரு அம்மாவுக்குக் குமட்டிச் சத்தி எடுக்கப் பை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். ராணியக்கா கோட்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, “இந்தக் கோட்டாத்தான் இருக்கும்” என்று தனக்குத் தானே சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனா. அதற்குப் பிறகு இன்றுவரைக்கும் அவ அந்தப் பயணத்தைப் பற்றிக் கதைக்கவில்லை, நீங்கள் கேட்டாலும் குளிர் என்று மட்டும்தான் சொல்லுவா.

திரும்பி வருகிற வழியில் எல்லாரும் நித்திரை. நான் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையை வெறுமையாக விட்டிருந்தேன். ஒருவருக்கும் தெரியாமல் கையை அதில் வைத்துப் பார்த்தேன். சில்லென்ற துணி, ரோல்ஸ் துணுக்கு, வேறொன்றும் இல்லை. மொன்றியல் வெளிச்சம் தெரிகிறவரைக்கும் அப்படியே கையை வைத்திருந்தேன். இருங்கோ என்று கேட்டவளுக்கு இருக்கிறேன் என்று ஒரு அடையாளம் காட்டக்கூடாதா. அன்றைக்கு அழுத அழுகை முகாமில்கூட அழவில்லை.

செந்தூரனுக்குப் போன் எடுத்து இந்த வருடம் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். என்னத்தைச் சொல்வது. திமிங்கிலம் பார்க்கப் போன இடத்தில் உன் அப்பா வந்து நீ சாப்பிட்டாயா என்று கேட்டார் என்றா சொல்வது. “சரி அம்மா, உங்கட விருப்பம்” என்றான், குரலில் ஒன்றும் இல்லை. அமாவாசை வந்து போனது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் போனும் ஒன்றுவிட்ட ஒன்றாகிவிட்டது. அவனில் பிழை சொல்லமாட்டேன்.

இவ்வளவும்தான் நடந்தது என்றால் நான் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டேன். கடலில் புகாரில் தலை சுற்றி ஏதோ கேட்டது, மனதில் இருந்தது காதில் விழுந்தது என்று நானே என்னைச் சமாளித்திருப்பேன்.

ஆவணியில் எனக்குக் கீழ் வீட்டுக்குப் புதிதாக ஒரு ஹெயிட்டிக்காரர் குடிவந்தார். தனி ஆள், இரவு வேலை, பகலில் நித்திரை. கண்டால் பொன்ஜூர் சொல்வார், நானும் சொல்வேன், வேறு பழக்கம் இல்லை. புரட்டாதியில் ஒருநாள் நான் வேலைக்கு இறங்கும்போது படியடியில் நின்று, தொந்தரவுக்கு மன்னிக்கவேணும் மத்தாம், ஒரு சின்ன உதவி என்றார். நல்ல மரியாதையான மனிசன், சொல்லவே கூச்சப்பட்டார். தான் பகலில்தான் நித்திரை கொள்வதாகவும், நான் வேலைக்குப் போன பிறகு என்னுடைய கணவர் வீட்டுக்குள் நடக்கிற சத்தம் கேட்பதாகவும், முடிந்தால் கொஞ்சம் மெதுவாக நடக்கச் சொல்ல முடியுமா என்றும் கேட்டார்.

எனக்குக் கணவர் இல்லை, மேலே ஒருவரும் இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். “சொல்லுறன் மிசியூ” என்றேன்.

அடுத்த நாள் சுகமில்லை என்று வேலைக்குச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். தொலைக்காட்சி போடவில்லை, அடுப்பு மூட்டவில்லை, அடுப்படிக் குசினிக் கதிரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தம் இல்லை. “இஞ்சாருங்கோ” என்று மெல்லக் கூப்பிட்டும் பார்த்தேன். பிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பின்னேரம் அந்த மனிசனைப் படியில் கண்டபோது முகம் மலர்ந்து, மெர்சி மத்தாம், இன்றைக்கு நிம்மதியாக நித்திரை கொண்டேன் என்றார். அதற்கடுத்த நாள் நான் வேலைக்குப் போனேன். சத்தம் திரும்பவும் கேட்டதாம்.

வீட்டுச் சொந்தக்காரனைக் கேட்டேன். பழைய கட்டடம், பலகை நிலம், சூடாக்குகிற குழாய் அடிக்கும், அதுதான் என்றான். இருக்கலாம். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் மனம் கேட்கவில்லை, ஒருநாள் ஹெயிட்டிக்காரரைப் பிடித்து வைத்து, எந்த இடத்தில் நடக்கிறார் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், முறைப்பாடு செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், இப்போது பழகிவிட்டது என்றார். பிறகு சொன்னார். காலையில் நான் படி இறங்கியதும் குசினியிலிருந்து முன்னறைக்கும், முன்னறையிலிருந்து குசினிக்கும் நடக்கிறாராம். மத்தியானம் ஒன்றும் இல்லையாம். பின்னேரம் நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னம் நேரே கதவடிக்கு வந்து நிற்பாராம். அதற்குப் பிறகு நான் பூட்டில் திறப்புப் போடுகிற சத்தம் கேட்குமாம், அதோடு எல்லாம் அடங்கிவிடுமாம். என்னுடைய மனிசி என்னை ஒருநாளும் இப்படிக் கதவடியில் பார்த்துக்கொண்டு நின்றதில்லை, நீங்கள் கொடுத்து வைத்தவர் மத்தாம் என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

நீங்கள் நம்பவில்லை என்று உங்கள் முகத்திலேயே தெரிகிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். திரும்பவும் ஆடி அமாவாசை வருகிறது, செந்தூரன் கேட்கத்தான் போகிறான். நான் இருங்கோ என்று சொன்னபடியால் ஒரு மனிசன் அந்த இரண்டு அறைக்குள் நடந்து திரிகிறார் என்றால், அவரைப் போகவிடு என்று சொல்ல எனக்குத்தான் வாய் வரவேண்டும். வருகிறதா என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று. வேலையால் வந்து படியேறினால் நான் இப்போது உடனே கதவைத் திறப்பதில்லை. திறந்தால் உள்ளே ஒருவரும் இல்லை, சப்பாத்துத் தட்டும் என்னுடைய குடையும்தான் இருக்கும். திறக்காதவரைக்கும் அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், ஒரு பலகைதான் இடையில். அதனால் பையைக் கீழே வைத்துவிட்டு, திறப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். குளிர்காலத்தில் பனி கொட்டக் கொட்ட நின்றிருக்கிறேன். பிறகு குளிர் தாங்காமல் திறந்துவிடுவேன்.